ஸ்டியரிங் பிடிப்பவருக்கு வாந்தி வராது

ஐயாவுக்கு வணக்கம்.

ஆயுத பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு வால்பாறை போய்வந்தோம். மகளுக்கு 7 வயது, மகனுக்கு 4. மாமியாரும் கூட வந்தார். வீட்டுக்காரர் ஒரு மாதமாகவே போனில் பட்டியல் போட்டு வைத்திருந்தார். ஆழியாறு அணை, குரங்கு அருவி, லோம்ஸ் வியூ, சோலையாறு அணை, நீராறு, பாலாஜி கோவில், நல்லமுடி பூஞ்சோலை, சின்னக்கல்லாறு, கடைசி நாள் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி. விடியற்காலை 5 மணிக்குத் திருப்பூரில் கிளம்பினோம். ஆறாவது வளைவில் மகன் வாந்தி எடுத்தான். பதினோராவது வளைவில் மகள். இருபது வருவதற்குள் மாமியார். பட்டியலில் பாதிகூடப் பார்க்கவில்லை. கூழாங்கல் ஆற்றில் இறங்கிய பிள்ளைகள் இரண்டு மணி நேரம் கரையேற மாட்டேன் என்றுவிட்டார்கள். வீட்டுக்காரருக்குக் கோபம். திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

ஊருக்கு வந்ததும் என் அம்மா போனில், "வால்பாறையில என்ன கண்ணு பாத்தே?" என்று மகனைக் கேட்டார். "அப்பா கால்ல அட்டை" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு செலவு பண்ணி அட்டையைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிக்காட்டுகிறார். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலைக்குப் போவதே தப்பா? அவர்கள் வளரும்வரை காத்திருக்கலாமா?

பெயர் போட வேண்டாம். அவரும் உங்கள் தளத்தைப் படிக்கிறார்.

வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள அம்மிணிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் மூன்று வாந்தியும் ஓர் அட்டையும் உள்ள கடிதம் தன் வீட்டிலிருந்து போனதுதான் என்பது அவருக்குத் தெரியாமலா போகும்? அதனால் இதை அவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டியில் ஐந்து பேர். வாந்தி எடுக்காதவர்கள் நீங்களும் அவரும்தான். உங்களுக்கு எடுக்க நேரம் கிடைத்திருக்காது. பை பிடிக்க, முதுகு தடவ, துடைக்க என்று கை ஓய்ந்திருக்காது. அவர் கதை வேறு. ஸ்டியரிங் அவர் கையில் இருந்தது.

நம் காதின் உள்ளே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று கவனிக்கிற ஓர் உறுப்பு இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் அது "திரும்புகிறோம், திரும்புகிறோம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பின் சீட்டில் இருக்கும் நாலு வயசுப் பையனின் கண்ணுக்குத் தெரிவதோ முன் சீட்டின் முதுகு மட்டும்தான். ஜன்னல் அவன் தலைக்கு மேலே இருக்கிறது. "எங்கே திரும்புகிறோம்? எல்லாம் அப்படியேதானே இருக்கிறது" என்கிறது கண். இந்தச் சண்டையில் அடிபடுவது வயிறு. அழாமல் இருக்கட்டும் என்று கையில் செல்போனைக் கொடுத்தால் இன்னும் மோசம். (பொள்ளாச்சி தாண்டியதும் கொடுத்திருப்பீர்கள். எல்லோரும் கொடுப்பதுதான்.) கைக்குழந்தைகளுக்கு இது அநேகமாக வராது. 2 வயதிலிருந்து 12 வரைதான் அதிகம். வண்டி ஓட்டுபவர் கண் சாலையில் இருக்கிறது, அடுத்து எந்தப் பக்கம் ஒடிக்கப்போகிறோம் என்று அவர் உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் தப்பித்துவிடுகிறார். தப்பித்தவருக்கு மற்றவர்கள் படும் பாடு கொஞ்சம் நடிப்பாகக்கூடத் தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகளுக்கு 5 வயது இருக்கும்போது கொல்லிமலை போனோம். காரவள்ளியில் ஆரம்பித்து 70 வளைவுகள். வால்பாறைக்கு 40தான். புது வண்டி, எனக்கோ பெருமை தாங்கவில்லை. முப்பதைத் தாண்டியதும், மலைமேல் அரப்பளீஸ்வரர் கோவிலுக்கென்று அவள் அம்மா உடுத்தியிருந்த பட்டுச்சேலையிலேயே மகள் வாந்தி எடுத்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்றேன். பாதிகூட ஏறியிருக்கவில்லை. மேலே போய், பட்டியல்படி ஆகாய கங்கை அருவிக்கு 1000 படிக்கு மேல் இறங்கினோம். பிள்ளை துள்ளிக்கொண்டு இறங்கினாள். ஏறும்போது என் தோளில் ஏறினாள்.

மறுநாள் காலை மனைவி சாவியை வாங்கிக்கொண்டாள். "நான் ஓட்டறேன். நீங்க பின்னாடி பாப்பாவோட உட்காருங்க." சரி என்று உட்கார்ந்தேன். அவள் என்னைவிட நிதானமாகத்தான் ஓட்டினாள். இருந்தும் பதினைந்து வளைவு இறங்குவதற்குள் எலுமிச்சம்பழம் எங்கே என்று நான் கேட்கவேண்டி வந்தது. வாந்தி எடுத்தேனா என்பதை இங்கே எழுத விருப்பமில்லை.

மகளுக்கு மட்டும் அன்று ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் எட்டட்டும் என்று போர்வையை மடித்து அடியில் போட்டு உட்காரவைத்திருந்தோம். வளைவுக்கு வளைவு நம்பர் எழுதிய பலகை வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எண் படிக்கக் கற்றிருந்தாள். "அடுத்தது அம்பத்தி ரெண்டு!" என்று கத்திவிட்டு எட்டி எட்டி முன்னால் பார்த்தாள். திருப்பம் வருவது அவளுக்கு முன்பே தெரிந்தது. கழுத்து தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்தது. அந்தப் பலகைகள் அவளுக்கும் ஒரு ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டன என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

உங்கள் மகளிடம் எண்ணும் வேலையைக் கொடுங்கள். மகனுக்கு, அவனை உயர்த்திக் காட்டும் பூஸ்டர் சீட் வாங்கி, பெல்ட்டோடு பின்னால் உட்காரவையுங்கள். வெளியே தெரியட்டும் என்று முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டவே வேண்டாம். போலீஸ் போடும் 1000 ரூபாய் அபராதத்துக்காகச் சொல்லவில்லை. திடீரென்று பிரேக் அடித்தால் எந்தத் தாயின் கையும் தாங்காது. வெறும் வயிற்றோடும் கிளம்பாதீர்கள், பூரி கிழங்கோடும் கிளம்பாதீர்கள். இரண்டு இட்லி போதும். மாத்திரை, சிரப் எல்லாம் குழந்தை மருத்துவரைக் கேட்டுத்தான். கொடுப்பதாக இருந்தால் மலை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்துப் பயனில்லை.

அவருக்கு ஒரு வார்த்தை. 40 வளைவை எத்தனை நிமிஷத்தில் ஏறினோம் என்பதை ஆபீஸில் யாரும் கேட்கப்போவதில்லை. இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடாகிக் கருகல் வாடை அடிக்கும், அப்புறம் பிடிக்காது. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். பத்து வளைவுக்கு ஒருமுறை, இடம் இருக்கும் இடத்தில் ஓரம் கட்டுங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. கீழே ஆழியாறு அணை தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கும். பாறையில் வரையாடு நின்றாலும் நிற்கும். நம் மாநில விலங்கு அது. போன தடவை நின்றிருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

இன்னொன்று, பொள்ளாச்சியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் மகன் கையில் கொடுங்கள். மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே அடைத்த காற்று பாக்கெட்டை ஊதிக்கொண்டே வரும். அட்டகட்டிக்கு மேலே அது தலையணை மாதிரி ஆகியிருக்கும். அவன் காது அடைப்பதும் அதே காரணத்தால்தான். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும். குரங்கு அருவிப் பக்கம் மட்டும் பாக்கெட்டை ஒளித்துவையுங்கள். குரங்குக்குக் கொடுக்கவும் வேண்டாம். தீனிக்குப் பழகிய குரங்குதான் சாலைக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது.

இனி அந்தப் பட்டியல். அதுவும் ஒரு ஸ்டியரிங்தான், ஒரே ஆள் பிடித்திருந்தது. நல்லமுடியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து "அடேங்கப்பா" என்பதற்கு, பனியன் கம்பெனியில் பத்து வருஷம் கணக்குப் பார்த்திருக்க வேண்டும். நாலு வயசுக்காரனுக்கு அது தொட முடியாத ஒரு பச்சை, அவ்வளவுதான். கூழாங்கல்லைத் தொடலாம். பொறுக்கலாம், எறியலாம், சாக்ஸுக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம். (சாக்ஸைத் துவைக்கும் முன் பார்த்தீர்களா?) இரண்டு மணி நேரம் அவர்கள் ஆற்றில் இருந்தது இந்தப் பயணத்தில் சரியாக நடந்த ஒரு காரியம். நீங்கள் மட்டும் கரையில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்து தண்ணீர் ஏறிவிடும்.

அட்டையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஈரப் புல்லின் நுனியில் ஒற்றைக்காலில் நிற்பதுபோல் நிமிர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆள் வாசனை தேடும். முழம் போடுவதுபோல் வளைந்து வளைந்து ஷூவுக்குள் போய்விடும். கடிப்பது தெரியாது. இரத்தம் உறையவிடாத ஒன்றை அது உள்ளே செலுத்திவிடுவதால், விழுந்த பிறகும் ஒழுகிக்கொண்டே இருக்கும். வீட்டில் பல்லியை, கரப்பானை, பக்கத்துத் தெரு நாயை எல்லாம் விரட்டுகிற அப்பா, கட்டைவிரல் அளவு பூச்சிக்கு ஒற்றைக்காலில் குதித்ததை அன்றைக்குத்தானே அவன் முதல்முறையாகப் பார்த்திருக்கிறான். அணையைப் பற்றி அவன் எதற்குச் சொல்லப்போகிறான்?

காத்திருக்கலாமா என்றால், காத்திருக்கலாம். 12 வயதுக்கு மேல் வாந்தி குறையும். அந்த வயதில் நம்மோடு வரச் சம்மதிப்பார்களா என்பதுதான் சந்தேகம். அதற்குப் பதில், வரும் கோடையில் ஏற்காடு போய்வாருங்கள். சேலத்திலிருந்து 20 வளைவுகள்தான். பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று, அதை மகள் தேர்ந்தெடுக்கட்டும். உங்களுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. இருந்தால் முதல் பத்து வளைவை நீங்கள் ஓட்டுங்கள், அவர் பின்னால் பிள்ளைகளோடு உட்காரட்டும்.

எலுமிச்சம்பழம் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவைப்படும்.