யாகுஷிமாவைத் தனியாக நடந்து கடக்கலாமா?

கேள்வி: ஜப்பானின் யாகுஷிமா தீவுக்கு ஜூன் முதல் வாரம் போகிறேன். வழிகாட்டி இல்லாமல், தென்கரையில் தொடங்கி மியானோவுரா உச்சி வழியாக வடகரை வரை நடந்தே கடக்க ஆசை. இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். துணை வெப்பமண்டலத் தீவுதானே, மெல்லிய உடுப்பும் ஒரு போர்வையும் போதும் என்று நினைக்கிறேன். மலைக் குடில்களில் முன்பதிவு செய்வது எப்படி? கூடாரமும் சுமக்க வேண்டுமா? பாம்பு பயமும் கொஞ்சம் உண்டு.

பதில்: தனியாகப் போகலாம். இந்தப் பாதைக்கு வழிகாட்டி கட்டாயமில்லை, பாதையும் தெளிவாகவே இருக்கும். ஆனால் உங்கள் திட்டத்தில் மூன்றை மாற்றச் சொல்வேன்: மாதம், நாள் கணக்கு, அந்தப் போர்வை.

போர்வையிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற தவறுகளெல்லாம் அந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன. யாகுஷிமா துணை வெப்பமண்டலம் என்பது கடற்கரையைப் பொறுத்தவரை சரி. கரையோரம் செம்பருத்தி பூக்கும், ஆலமர வகைகள் விழுதுவிட்டு நிற்கும். ஆனால் கிழக்கு மேற்காக 28 கிலோமீட்டர்தான் இருக்கும் இந்தத் தீவின் நடுவில் 1,936 மீட்டர் உயரத்துக்கு மியானோவுரா மலை நிற்கிறது. ஜப்பானின் தென்பகுதியான க்யூஷூ வட்டாரத்திலேயே உயரமான சிகரம் அதுதான். நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கும் உச்சிக்கும் 11, 12 டிகிரி வித்தியாசம் வந்துவிடும். கீழே வியர்த்துக் கொட்டும் நாளில் மேலே 12 டிகிரி, அதோடு காற்று, அதோடு மழை. குளிர்காலத்தில் உச்சியில் பனியே பெய்து கிடக்கும், மார்ச்சில்கூடச் சில இடங்களில் மிச்சமிருக்கும்.

இதில் ஆளைச் சாய்ப்பது குளிர் மட்டும் இல்லை, ஈரத்தோடு சேர்ந்த குளிர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைச்சுவரில் மோதி மேலெழும்பி, குளிர்ந்து, அப்படியே கொட்டுகிறது. கரையிலேயே ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, மலையில் 8,000 முதல் 10,000 வரை. மாதத்துக்கு 35 நாள் மழை பெய்யும் ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். போய்ப் பார்த்தவர்களுக்கு அது பெரிய மிகையாகத் தோன்றாது. நனைந்த பருத்திச் சட்டையோடு மரமில்லாத உச்சியில் இரண்டு மணி நேரம் காற்றில் நடந்தால், 12 டிகிரியிலேயே உடல் வெடவெடத்து, கை விரல் மரத்து, யோசனை மந்தமாகும். உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்க உறைநிலை தேவையில்லை.

அதனால் பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். உடம்போடு ஒட்டிய உடுப்பு கம்பளியோ செயற்கை இழையோ ஆகட்டும். மேலே ஒரு ஃபிளீஸ். மழைக்கோட்டு மேல், கீழ் இரண்டும் தரமானதாக இருக்கட்டும், காசைச் செலவழிக்க வேண்டிய இடம் அதுதான். பாஞ்ச்சோ மாதிரித் தொங்குவது காற்றில் முகத்தில் அடிக்கும், வேர்களில் மாட்டும். அப்புறம் முதுகுப்பை. பைக்கு மேலே போடும் மழையுறையை நம்பிக் கெட்டவன் நான். முதுகுக்கும் பைக்கும் நடுவில் வழிந்த தண்ணீர் உள்ளே இறங்கி, மாலையில் குடிலில் பிரித்தபோது ஸ்லீப்பிங் பேக் பிழிந்தால் சொட்டும் நிலையில் இருந்தது. அன்று இரவு முழுக்க உட்கார்ந்தே விடிந்தது. பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். ஸ்லீப்பிங் பேக்கை அதற்குள்ளும் தனியாக ஒரு நீர்புகாப் பையில் வையுங்கள். குடிலில் மாற்ற ஒரு உடுப்பு, ஒரு ஜோடி காலுறை. என்ன ஆனாலும் அவற்றை நடக்கும்போது தொடக்கூடாது. காலையில் மறுபடி அந்த ஈரத்தையே மாட்டிக்கொள்வது கொடுமைதான், இருந்தாலும் மாட்டிக்கொள்ளுங்கள்.

சரி, மாதம். ஜூன் மழைக்காலத்தின் நடு, ஆண்டிலேயே அதிகம் கொட்டும் மாதம். யாகுஷிமா ரோடோடென்ட்ரான் மலைமேல் பூக்கும் காலமும் அதுவே என்பதால் பலர் தெரிந்தே வருகிறார்கள், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் முதல் முறை, தனியாள், இரண்டே நாள் என்றால் வேண்டாம். ஏப்ரல் நடுப்பகுதி, மே மாதத்தில் ‘கோல்டன் வீக்’ விடுமுறைக் கூட்டம் கலைந்த அடுத்த பத்து நாள், அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரை, இவற்றில் ஒன்றைப் பாருங்கள். ஜூலையிலிருந்து அக்டோபர்வரை புயல் வந்தால் கப்பலும் விமானமும் சேர்ந்தே நிற்கும். மே நல்ல மாதம் என்பதால் மழை வராது என்று பொருளில்லை. 2019 மே 18 அன்று திடீரெனக் கொட்டிய மழையில் மலைச்சாலை துண்டிக்கப்பட்டு முந்நூறுக்கு மேற்பட்ட மலையேறிகள் மேலேயே மாட்டிக்கொண்டார்கள்.

இந்தத் தீவின் ஓடைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தீவு கருங்கல் பாறை, மேலே மண் மெல்லிய போர்வைதான், சரிவோ செங்குத்து. பெய்த தண்ணீர் ஊறி நிற்க இடமில்லாமல் அப்படியே ஓடைக்கு வந்துவிடும். காலையில் கல் மேல் கல்லாகத் தாண்டிய ஓடை, ஒரு மணி நேரப் பெருமழையில் இடுப்பளவு காட்டாறாகிவிடும். நல்ல செய்தி, மழை விட்டால் அதே வேகத்தில் வடியும். எனவே விதி ஒன்றுதான்: முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்காதீர்கள், உட்கார்ந்து காத்திருங்கள். தனியாளுக்கு இதில் விதிவிலக்கே கிடையாது. காத்திருக்க நேரம் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் நாள் கணக்கை மாற்றச் சொல்கிறேன்.

கடலிலிருந்து கடல் வரை என்ற ஆசை எனக்குப் புரிகிறது. வழியும் உண்டு. தென்கரையில் ஓனோஆய்டாவிலிருந்து ஏறும் பாதை இருக்கிறது, வடமேற்கில் நகாடா ஊருக்கு இறங்கும் பாதை இருக்கிறது. ஆனால் முதல் பாதை, மலைப்பாதை தொடங்கும் இடமான யோடோகாவா நுழைவாயிலை எட்டவே கிட்டத்தட்ட ஒரு பகலைத் தின்னும். நகாடா பாதை நீளம், ஆள் நடமாட்டம் குறைவு, வழி தவறினால் கேட்க ஆள் இல்லை. முதல் முறைக்கு இவை வேண்டாம். பெரும்பாலோர் போகும் வழி, யோடோகாவாவில் ஏறி ஷிராதானி உன்சுய்கியோ பள்ளத்தாக்கில் இறங்குவது. அதுவும் தீவின் முதுகெலும்பைத் தாண்டுவதுதான், அதைச் செய்துவிட்டுத் தீவைக் கடந்தேன் என்று சொல்ல யாருக்கும் கூச்சம் வேண்டியதில்லை.

இந்தத் திசையில் போவதற்குக் காரணம் இருக்கிறது. யோடோகாவா நுழைவாயில் ஏற்கெனவே 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஷிராதானி அதில் பாதி உயரம்கூட இல்லை. ஏறுவது குறைவு, இறங்குவது அதிகம். அன்போ என்ற ஊரிலிருந்து கிகென்சுகி என்ற நிறுத்தம் வரை பேருந்து போகிறது. நாளுக்கு ஓரிரு தடவைதான், குளிர்காலத்தில் அதுவும் இல்லை. அங்கிருந்து அரை மணி நேரம் தார்ச்சாலையில் நடந்தால் நுழைவாயில்.

இரண்டு நாள், ஒரு இரவு என்று பலர் முடிக்கிறார்கள். நீங்கள் இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மதியம் ஏறி, முக்கால் மணி நேரத்தில் யோடோகாவா குடிலுக்குப் போய் அங்கேயே தங்குங்கள். அடுத்த நாள் விடியும்போதே கிளம்பினால் ஹனானோஏகோ என்ற உயர்மலைச் சதுப்பு நிலம், பிறகு உச்சி, பிறகு ஷின்-டகாட்சுகா குடில், மொத்தம் எட்டு மணி நேர நடை. சதுப்புக்குப் பிறகு மரங்கள் குட்டையாகி, மூங்கில் புதருக்கு நடுவில் வீடளவு உருண்டைப் பாறைகள் வரும். மறைவே இல்லாத பகுதி அதுதான். காலையில் குடில் கூரையில் பலமாகக் காற்றடித்தால் இதற்குள் போகாமல், குடிலிலேயே படுத்துவிடுங்கள் அல்லது வந்த வழியே இறங்கிவிடுங்கள். முதல் இரவை அங்கே வைப்பதன் பலன் இந்தத் தேர்வு கையில் இருப்பதுதான்.

மூன்றாம் நாள் சீக்கிரம் எழுந்திருங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக நடந்தால் ஜோமோன் சுகி. 16.4 மீட்டர் சுற்றளவுள்ள இந்தச் சுகி என்ற ஊசியிலை மரத்துக்கு 2,000 ஆண்டு என்பவர்களும் உண்டு, 7,000 என்பவர்களும் உண்டு. அரகாவா நுழைவாயிலிலிருந்து வரும் பகல்நேரக் கூட்டம் வந்து சேரும் முன், ஏழு மணிக்கு அங்கே நின்றால் பார்வை மேடையில் நீங்கள் மட்டும்தான். மேலே இரவு தங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் கூலி அது. அதன் பிறகு எதிரே ஆட்கள் சாரிசாரியாக வருவார்கள். மரப்படிகளில் ஏறுகிறவர்களுக்கு வழி விட்டு விட்டே இறங்க நேரமாகும். வில்சன் அடிக்கட்டை என்ற, வெட்டிய பெருமரத்தின் அடியைத் தாண்டி, மரம் ஏற்றிச் செல்லப் போட்ட பழைய ரயில் தண்டவாளத்தைத் தொட்டதும் கால் ஆறும். தண்டவாளத்தின் வழியே குசுகாவா என்ற பாதைப் பிரிவு வரை வந்து, ட்சுஜி கணவாய் ஏறி, மறுபக்கம் இறங்கினால் ஷிராதானி. அந்தக் கடைசி ஏற்றம் வரைபடத்தில் சின்னதாகத் தெரியும், மூன்றாம் நாள் மதியத்தில் அப்படித் தெரியாது. பாசி படிந்த பாறையிலும் வேரிலும் வழுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இறக்கத்தில்தான். ஊன்றுகோல் இருந்தால் முனைக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள், வேர்கள் கிழியாது.

குடில்களுக்கு முன்பதிவு கிடையாது, கட்டணமும் கிடையாது. காரணம், அங்கே எதுவும் இல்லை. ஆள், விளக்கு, படுக்கை, சாப்பாடு எதுவும் இல்லாத வெறும் மரப்பலகைத் தளம். முந்தி வந்தவருக்கு இடம். விடுமுறைக் காலத்தில் நிரம்பிவிடும், அதனால் ஒன்றரைக் கிலோவுக்குள் ஒரு சிறிய கூடாரம் கொண்டுபோங்கள், அதைக் குடில்களின் அருகே மட்டும் போடலாம். விறகுத் தீ மூட்டக் கூடாது. சமைக்க சிறிய கேஸ் அடுப்பு. அதற்கான கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, தீவுக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள். மியானோவுரா, அன்போ ஊர்களில் கிடைக்கும், ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு முதற்கொண்டு வாடகைக்கும் கிடைக்கும். உணவுப்பையை இரவில் மேலே தொங்கவிடுங்கள், குடில் எலிகளுக்கு ஜிப் திறக்கத் தெரியாது, கடிக்கத் தெரியும்.

தண்ணீர் சுமப்பதுதான் இங்கே வீண். ஒரு லிட்டர் புட்டி போதும், குடிலுக்குக் குடில் ஊற்று இருக்கிறது. கழிப்பறைக்குக் கையோடு எடுத்துப்போகும் கழிவுப் பை தேவை. அதைப் பயன்படுத்த வழியில் சிறு அறைகள் கட்டியிருக்கிறார்கள், பை மட்டும் நீங்கள் கடையில் வாங்கிப்போக வேண்டும், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மலையில் இரவு தங்குகிறவர்களிடம் 2,000 யென் பாதுகாப்பு நிதி கேட்பார்கள். விருப்பப் பங்களிப்புதான் என்றாலும் கொடுத்துவிடுங்கள், கழிவு சுமந்து இறக்கும் செலவு அதிலிருந்துதான்.

பாம்பு. ஒகினாவா பக்கத்து ஹபு என்ற நச்சுப் பாம்பு இங்கே இல்லை. மாமுஷி என்ற விரியன் இனம் உண்டு, கணுக்கால் மூடிய காலணியும் கை வைக்கும் முன் பார்க்கும் பழக்கமும் போதும். கரடி இல்லை. குரங்கும் மானும் நிறைய, தீனி போடாதீர்கள். உங்களைத் தேடி வரப்போவது அட்டையும் உண்ணியும்தான், பெரும்பாலும் கீழ்க்காட்டில்.

தனியாள் என்பதால் இன்னொன்று. நுழைவாயிலில் மலையேற்ற அறிவிப்புப் படிவமும் பெட்டியும் இருக்கும். பெயர், பாதை, இறங்கும் நாள் எழுதிப் போடுங்கள், விடுதியிலும் அதே காகிதத்தின் நகலைக் கொடுங்கள். மலையில் கைபேசி சிக்னலை நம்ப முடியாது. வரைபடத்தை முன்பே இறக்கி, விமானப் பயன்முறையில் ஜிபிஎஸ் மட்டும் ஓட விடுங்கள், காகித வரைபடமும் பையில் இருக்கட்டும். அவசரத்துக்கு மருத்துவ உதவி 119, காவல் 110.

க்யூஷூவின் ககோஷிமா நகரிலிருந்து தீவுக்கு அதிவேகப் படகில் இரண்டு மூன்று மணி நேரம், கார் ஏற்றும் பெரிய கப்பலில் நான்கு மணி நேரம், விமானத்தில் முக்கால் மணிக்கும் குறைவு. திரும்பும் பயணச்சீட்டை மலையிறங்கும் நாளுக்கு எடுக்காதீர்கள். இடையில் ஒரு நாள் வெறுமனே விடுங்கள். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் பலர் பெருகிய ஓடையில் கால் வைக்கிறார்கள். மழை பெய்யாவிட்டால் அந்த நாளில் கரையோர வெந்நீர் ஊற்றில் போய் ஊறுங்கள்.