அந்த மூணு ராத்திரி

வணக்கம் அக்கா,

உங்க தளத்தை நாலு வருஷமா படிக்கிறேன், எழுதினதில்ல. எனக்கு 44 வயசு, சிங்கப்பூர்ல உட்லண்ட்ஸ்ல இருக்கேன். 2000-ல ஐ.டி.இ-ல தொழிற்கல்வி முடிச்சேன், அதோட படிப்பு நின்னுபோச்சு. துவாஸ்ல ஒரு கம்பெனியில பதினாறு வருஷமா பில்லிங் பாக்குறேன். போன வருஷம் எனக்கு மேல 27 வயசுல ஒரு தம்பியைப் போட்டாங்க. நல்ல பையன்தான், ஆனா எங்க சிஸ்டத்துல இன்வாய்ஸ் எப்படிப் போடறதுன்னு அவருக்குச் சொல்லிக்குடுத்ததே நான். எச்.ஆர்-ல கேட்டேன், டிப்ளோமா இருந்தாத்தான் அந்த கிரேடுன்னு சொல்லிட்டாங்க. படிப்புக்குன்னு அரசாங்கம் குடுத்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்குல 4,000 வெள்ளி (டாலர்) அப்படியே கிடக்கு. பாலியில (பாலிடெக்னிக்) கணக்கியல் பகுதிநேர டிப்ளோமா சேரலாமா, இல்ல சின்னச் சின்ன கோர்ஸா எடுத்தா போதுமா? டிப்ளோமான்னா வாரத்துக்கு மூணு ராத்திரி வகுப்பு, ரெண்டு வருஷத்துக்கு மேல. மகனுக்கு அடுத்த வருஷம் பி.எஸ்.எல்.இ, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. அது முடியட்டும்னு வீட்டுக்காரர் சொல்றார், காசும் காலாவதி ஆகாதாம். நாத்தனார் இந்த வயசுல யாருக்குக் காட்டன்னு கேக்குறாங்க. இப்ப ஏ.ஐ வேற வந்துடுச்சு, கணக்கு படிச்சுப் பிரயோஜனம் இருக்குமா? வீட்டுல எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டா சேர்ந்துடுவேன். பேர் போடாதீங்க அக்கா.

*

தங்கச்சி,

பேர் போடல, நீங்க இருக்கற இடம், வேலை செய்யற இடம் ரெண்டையும் மாத்திட்டேன், பயப்படாதீங்க. கடிதத்தைப் படிச்ச அன்னைக்கே பதில் எழுத உக்காந்துட்டேன். ரெண்டு வருஷமா இதே விஷயம் எனக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, அதுக்குக் காரணம் எங்கம்மா, அதை அப்புறம் சொல்றேன்.

நாத்தனார் சொன்னதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல, நீங்களும் சொல்லாதீங்க. ஏ.ஐ பத்தியும் ரொம்ப யோசிக்காதீங்க, பதினாறு வருஷம் பில்லிங் பாத்தவங்களுக்கு எந்த எண் தப்பா இருக்குன்னு பாத்தவுடனே தெரியும், அதோட முறையான கணக்கியலும் சேர்ந்தா உங்களுக்கு நல்லதுதான், அதுக்கு மேல எதிர்காலம் எப்படி இருக்கும்னு யாராலயும் எழுதித் தர முடியாது.

காசு விஷயத்தை மட்டும் தெளிவா சொல்லிடறேன், நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. 2016-ல 25 வயசு தாண்டின எல்லாருக்கும் 500 வெள்ளி குடுத்தாங்க இல்ல, அதுல கேக் செய்யவும் போட்டோ எடுக்கவும் கூட படிச்சோம். 2024 மே மாசம் 40 தாண்டினவங்களுக்கு வந்த இந்த 4,000 அப்படி இல்ல, வேலைக்கு உதவற படிப்புன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்காங்க, பாலி, ஐ.டி.இ, பல்கலைக்கழகப் படிப்பெல்லாம் அதுல வருது. இது போக 40 தாண்டினவங்களுக்கு அரசாங்க ஆதரவு இருக்கற கோர்ஸுக்குக் கட்டணத்துல 90 விழுக்காடு வரைக்கும் மானியம் உண்டு, மிச்சத்துக்குத்தான் இந்த கிரெடிட்ல கை வைக்கணும். காசா எடுக்க முடியாது. எடுத்துத் தரேன், உங்க சிங்பாஸை (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) குடுங்கன்னு எவனாவது வந்தா கதவைச் சாத்துங்க, 2017-ல ஒரு கும்பல் பொய்யா கிளெய்ம் போட்டு கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளியை அடிச்சிருக்கு.

ஆக, கட்டணம் உங்க பிரச்சினையே இல்ல. உங்க கடிதத்தைத் திருப்பிப் படிச்சுப் பாருங்க, காசைப் பத்தி ஒரு வரி எழுதிட்டு மிச்சம் எல்லாம் அந்த மூணு ராத்திரியைப் பத்தித்தான் எழுதியிருக்கீங்க.

இப்பக் கொஞ்சம் திட்டப் போறேன், அக்கான்னு கூப்பிட்டதால கேட்டுக்கோங்க. பி.எஸ்.எல்.இ முடியட்டும்னு வீட்டுக்காரர் சொன்னாராம், நீங்களும் தலையாட்டிட்டீங்க. பி.எஸ்.எல்.இ முடிஞ்சா உயர்நிலை ஒண்ணு, புதுப் பள்ளிக்கூடம், பையன் பழகற வரைக்கும் கூட இருக்கணும்பீங்க. அப்புறம் உயர்நிலை நாலு, ஓ லெவல் தேர்வு, அது 2027-ல இருந்து பேரே மாறப்போகுது, ஆனா வீட்டுல இருக்கற பதட்டம் மாறாது. அப்புறம் ஜேசியா (ஜூனியர் காலேஜ்) பாலியான்னு அலையணும், அப்புறம் தேசிய சேவை, சனிக்கிழமை வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு நல்லா சமைச்சுப் போடணும். அதுக்குள்ள மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் வரும், உங்களுக்கு 54 ஆகியிருக்கும். காசு காலாவதி ஆகாதுங்கறது உண்மைதான், அதை ஒரு சாக்கா வெச்சுக்காதீங்க. வீட்டுல எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டான்னு எழுதியிருக்கீங்களே, அதைப் படிச்சப்ப எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. உங்க வீட்டுக்காரர் ஓவர்டைமுக்குப் போறப்ப எல்லாரும் மனசார ஒத்துக்கிட்டாங்களான்னு கேட்டுட்டா போறார்? போறேன்னு சொல்லிட்டுப் போறார், வீடு அதுக்கேத்த மாதிரி மாறிக்குது. அவர் கெட்டவர்னு சொல்லல. ராத்திரி ஏழு மணிக்கு அடுப்படியில ஆள் இல்லாட்டி வீடு எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க நீங்க இதுவரைக்கும் விட்டதில்ல.

எங்கம்மாவைப் பத்தி சொல்றேன்.

எங்கம்மா எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில வேலை பாத்தாங்க, மைக்ரோஸ்கோப்புல கண்ணை வெச்சுக்கிட்டு நாள் பூரா கம்பி ஒட்டற வேலை. தமிழ்ப் பள்ளியில நாலாவது வரைக்கும்தான் படிச்சவங்க. 1983-ல இங்க பெஸ்ட்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது, பள்ளிப்படிப்பு பாதியில விட்ட தொழிலாளிங்களுக்கு ஆங்கிலமும் கணக்கும் தொடக்கநிலை ஆறு அளவுக்குச் சொல்லித்தர்றது. அம்மா அடுத்த வருஷம் சேர்ந்தாங்க, அப்ப அவங்களுக்கு 37. கம்பெனி கேண்டீன்லயே வகுப்பு, காலை ஷிப்ட் மூணு மணிக்கு முடிஞ்சதும் நடக்கும். அம்மா கையிலருந்து ஒரு காசு போகல. இதை நல்லா கவனிங்க தங்கச்சி, ஒரு காசு போகல.

அப்புறம் ஏன் பாதியில நின்னாங்க? வகுப்பு முடிச்சு வீட்டுக்கு வர ஆறு மணி ஆகும். வந்து சமைக்கணும், துணி துவைக்கணும், தம்பி அப்ப சின்னப்பிள்ளை. எல்லாரும் படுத்தப்புறம் அடுப்படி மேசையில உக்காந்து, கிழிச்ச காலண்டர் தாளோட பின்பக்கத்துல எழுதிப் பாப்பாங்க. கிழமை பேரெல்லாம் எழுதிட்டு வெட்னெஸ்டேகிட்ட வந்து நின்னுடுவாங்க. வென்ஸ்டேன்னுதானே எல்லாரும் சொல்றாங்க, நடுவுல இந்த டி எங்கருந்து வந்துச்சுன்னு என்கிட்ட கேப்பாங்க. எனக்கு அப்ப 12 வயசு, பி.எஸ்.எல்.இ வருஷம், உங்க மகனுக்கு அடுத்த வருஷம் வரப்போற அதே தேர்வு. தூக்கம் வருதும்மான்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துப்பேன். தூக்கம் ஒண்ணும் வரல. அம்மாவுக்கு எழுத்து கூட்டத் தெரியலங்கறது எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதான். ரெண்டு மூணு தடவை கேட்டாங்க, அப்புறம் கேக்கறதை விட்டுட்டாங்க.

அப்பா ஒண்ணும் சொல்லல. வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல, நீ போ நான் சோறு வடிக்கிறேன்னும் சொன்னதில்ல. அப்புறம் ஃபேக்டரியில சூப்பர்வைசர் அம்மாவை மாத்தி மாத்தி வர்ற ஷிப்ட்ல போட்டார், ஒரு வாரம் காலை, ஒரு வாரம் ராத்திரி. வகுப்பு இருக்குன்னு அம்மா போய்ச் சொல்லியிருக்காங்க. வகுப்பு உன் சொந்த விஷயம்னு பதில் வந்துச்சு. அதோட நின்னுச்சு. 85-ல பொருளாதார மந்தம் வந்து நிறைய இடத்துல ஆள் குறைச்சாங்க, அம்மாவும் அதுல போயிட்டாங்க. அதுக்கப்புறம் இருபது வருஷம் ஆபீஸ் கட்டடங்கள்ல துப்புரவு வேலைதான்.

ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் வர்ற பேச்சைக் கேக்குறப்ப இதனாலதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. இவ்வளவு காசு குடுக்குறாங்களே, படிக்காம இருந்தா அவங்கவங்க சோம்பேறித்தனம்னு கோப்பிக்கடையில உக்காந்து சுலபமா சொல்லிடறாங்க. எங்கம்மா சோம்பேறி இல்ல. படிக்கப்போற பெரியவங்களுக்குக் கட்டணம் பாதிச் செலவு கூட இல்ல, வேலை நேரமும் வீட்டு நேரமும் போக மிச்சம் இருக்கற கொஞ்ச நேரத்தை எங்கருந்து பிடுங்கறதுங்கறதுதான் செலவு, அதைப் பெரும்பாலான மானியம் கணக்குல எடுக்காம இருந்துச்சு. 2025-ல வந்த பயிற்சிப் படியை நான் பெருசா மதிக்கிறது அதுக்காகத்தான். 40 தாண்டினவங்க முழுநேரமா படிச்சா, முந்தின பன்னெண்டு மாச சராசரி சம்பளத்துல பாதி, மாசம் 3,000 வெள்ளி வரைக்கும், வாழ்நாள்ல மொத்தம் 24 மாசத்துக்குக் குடுக்குறாங்க. படிக்கப்போனா சம்பளம் போகுமேன்னு ஒருத்தராவது உக்காந்து யோசிச்சிருக்காங்க. வீட்டுக்கடன் இருக்கறவங்களுக்கு பாதிச் சம்பளத்துல தாக்குப்பிடிக்கிறது கஷ்டம்தான், உங்களை வேலையை விடுங்கன்னு நான் சொல்லமாட்டேன். பகுதிநேரத்துக்கு மாசம் 300 வெள்ளி, 2026 தொடக்கத்துல இருந்துன்னு அறிவிச்சாங்க. உங்க கோர்ஸ் இந்தப் படி கிடைக்கிற பட்டியல்ல இருக்கான்னு மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்துல போய்ப் பாருங்க.

அந்த 300 வந்துச்சுன்னா அதை மளிகைக் கணக்குல சேக்காதீங்க, மகன் டியூஷனுக்குக் குடுக்காதீங்க, சொல்லிட்டேன். டிங்காட் சாப்பாடு, அதான் வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கற கேரியர் சாப்பாடு, சொல்லுங்க. வகுப்பு இருக்கற மூணு நாளும் சாப்பாடு வாசலுக்கு வரட்டும். வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்காதுன்னு வீட்டுக்காரர் சொல்லுவார், ரெண்டு வருஷத்துக்கு இருக்காதுதான். இந்தக் காசை அந்த நேரத்தை வாங்கறதுக்குன்னு ஒதுக்கி வையுங்க, நீங்க அதை வேற எதுக்கும் செலவு பண்ணிட்டா திரும்ப அடுப்படியிலதான் நிப்பீங்க.

இன்னொண்ணு, எச்.ஆர்-ல வாய்ல சொன்னதை நம்பி ரெண்டு வருஷத்தைப் போடாதீங்க. டிப்ளோமா முடிச்சா அந்த கிரேடுக்கு என்னைப் பரிசீலிப்பீங்களான்னு ஒரு ஈமெயில் போட்டு எழுத்துல வாங்குங்க. அதே ஈமெயில்ல வகுப்பு நாள் மூணையும் எழுதி, அந்த நாள்ல சாயந்திரம் இத்தனை மணிக்குக் கிளம்பிடுவேன்னு போட்டுடுங்க. மாசக்கடைசி குளோசிங் அன்னைக்கு இழுத்துப்பிடிப்பாங்க, தெரியும், அதையும் அந்தத் தம்பிகிட்ட முன்கூட்டியே பேசுங்க, நீங்க சொல்லிக்குடுத்த பையன்தானே. வகுப்பு உன் சொந்த விஷயம்னு உங்ககிட்டயும் எவனாவது சொன்னா எனக்கு எழுதுங்க.

நீங்க கேட்ட கேள்விக்கு இன்னும் பதிலே சொல்லல பாருங்க. டிப்ளோமாவே சேருங்க. எச்.ஆர் கேக்கறது அதைத்தான். பாலியோட பகுதிநேர டிப்ளோமால பலதும் சின்னச் சின்ன சான்றிதழாப் பிரிச்சு வெச்சதுதான், ஒவ்வொரு கட்டம் முடிக்கிறப்பவும் கையில ஒரு சான்றிதழ் வரும், எல்லாம் சேர்ந்தா டிப்ளோமா. நடுவுல மகன் தேர்வுக்காக ஒரு பருவம் மூச்சு வாங்கணும்னா அதுக்கு வழி இருக்கான்னு சேரும்போதே பாலியில கேட்டு வெச்சுக்கோங்க.

அம்மா இப்ப ஈசூன்ல தம்பியோட இருக்காங்க, எண்பதை நெருங்கிட்டாங்க. 2024-ல அந்த 4,000 வந்தப்ப நான் அம்மா ஃபோன்லயும் திறந்து பாத்தேன், அவங்க கணக்குலயும் வந்திருந்துச்சு, 40-க்கு மேல எல்லாருக்கும்தானே. எனக்கும் குடுத்திருக்காங்களான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் இதை வெச்சு என்ன படிக்கலாம்னு கேட்டாங்க. நான் பதில் சொல்ல முடியாம ஃபோனையே பாத்துக்கிட்டு இருந்தேன். கண் சரியா தெரியல, அரைமணி நேரத்துக்கு மேல உக்கார முடியல, எந்த வகுப்புல கொண்டுபோய்ச் சேக்கறது? ஆனா அன்னையிலருந்து ஞாயித்துக்கிழமை போறப்பல்லாம் பெரிய எழுத்துல எழுதி நாங்க ரெண்டு பேரும் உக்காந்து படிக்கிறோம். வெட்னெஸ்டேல அந்த டி எங்கருந்து வந்துச்சுன்னு தேடிக் கண்டுபிடிச்சு வெச்சிருந்தேன், வோடன்னு ஒரு பழைய சாமி பேராம் அது, அவர் பேர்ல வர்ற கிழமை. சொன்னேன். ஓ, சாமி பேரான்னு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டாங்க.

வீட்டுல எல்லாரும் ஒத்துக்கணும்னு காத்திருக்காதீங்க. அடுத்த சேர்க்கை எப்பன்னு இந்த வாரமே பாலி தளத்துல பாருங்க. வகுப்பு இல்லாத நாள்ல மகன் படிக்கிற அதே மேசையில நீங்களும் புத்தகத்தை எடுத்துக்கிட்டு உக்காருங்க. உங்களுக்கு எதாவது புரியலன்னா அவன்கிட்டயே கேளுங்க. தூக்கம் வருதும்மான்னு சொன்னான்னா விடாதீங்க, இன்னொரு தடவை கேளுங்க.

அன்புடன்,
அக்கா