ரூட் கெனாலுக்கு காஸ்ட்லி சீலர் வாங்கறதா, கேப் போடறதா?

கேள்வி: கீழ் கடவாப்பல்லுல ரூட் கெனால் பாதி முடிஞ்சிருக்கு, உள்ள சுத்தம் பண்ணி மருந்து வச்சு டெம்பரரியா அடைச்சு விட்டிருக்காங்க. அடுத்த சிட்டிங்ல வேரை அடைக்கும்போது சந்துபொந்தை மூடற பசை, அதான் சீலர், சாதா போடவா பயோசெராமிக் போடவான்னு கேக்குறாங்க, ரெண்டாவதுக்கு தனி சார்ஜ். அது போட்டா பாக்டீரியா உள்ள போகவே போகாதுன்னு தெரிஞ்சவங்க சொல்றாங்க. அதுக்கு காசு குடுத்துட்டு, பல்லு மேல மாட்டற கேப்பை ஆறு மாசம் கழிச்சு போட்டுக்கலாம்னு இருக்கேன், சரிதானே?

பதில்: இல்லீங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. கையில இருக்குற காசு ஒண்ணுக்குத்தான் வரும்னா அது கேப்புக்கே போகட்டும்.

வேருக்குள்ள போடறது கட்டா பெர்ச்சான்னு ரப்பர் மாதிரி ஒரு பொருள், அது பல்லுல தானா ஒட்டாது, நடுவுல இருக்குற சின்ன இடைவெளியை அடைக்கத்தான் சீலர். பயோசெராமிக் நல்ல சரக்குதான், ஈரத்துலயே இறுகும். ஆனா மேல எச்சில் வாரக்கணக்குல ஊறிக்கிட்டே இருந்தா எந்த சீலரையும் நம்பி உக்கார முடியாது. 1990ல ஒழுங்கா அடைச்ச வேர்களை மேல மூடாம லேப்ல பாக்டீரியா படற மாதிரி வச்சு பாத்தாங்க, ஒரு வகை பாக்டீரியா 19 நாள்ல பாதிக்கு மேல வேர்கள்ல அடிவரைக்கும் இறங்கிடுச்சு. 1995ல 1010 பல்லோட எக்ஸ்ரேவை பாத்ததுல, உள் அடைப்பும் மேல் அடைப்பும் நல்லா இருந்த பல்லுகள்ல 91.4 சதவீதத்துல வேர் நுனியில பிரச்சனை இல்ல, உள்ள நல்லா அடைச்சு மேல மோசமா விட்டதுல அது 44.1தான். பின்னாடி வந்த ஆய்வுகள் ரெண்டுமே சமமா முக்கியம்னு சொல்லுது, அப்படி பாத்தாலும் உங்க கணக்கு தப்பாதான் வருது.

இதுல பெரிய ஆபத்து என்னன்னா வலிக்காது. நரம்பை எடுத்தாச்சு இல்லையா, லீக் ஆகறது உங்களுக்கு தெரியவே தெரியாது, வேர் நுனியில சீழ் கட்டி ஈறு வீங்கினாத்தான் தெரியும்.

டெம்பரரி அடைப்பு ரெண்டு மூணு வாரத்துக்கு மேல நம்பற பொருள் இல்ல, அதுவும் 3.5 மில்லிமீட்டர் ஆழமாவது இருக்கணும். இன்னிக்கே நாக்கு நுனியால தடவி பாருங்க, ஓரத்துல படி மாதிரி தட்டுப்பட்டாலோ குழி விழுந்திருந்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, போன் பண்ணி போயிடுங்க.

அடுத்த சிட்டிங்ல ரப்பர் டேம் கட்டித்தான் பண்ணுவீங்களான்னு கேளுங்க, வேலை நடக்கும்போதே எச்சில் உள்ள போகாம தடுக்கற ஷீட் அது, சீலர் பிராண்டை விட நான் முதல்ல கேக்கறது இதைத்தான். வேரை அடைச்ச அன்னிக்கே மேல பெர்மனென்ட் ஃபில்லிங் வச்சிட முடியுமான்னும் கேளுங்க, அது இருந்தா கேப்புக்கு காசு புரட்ட சில வாரம் டைம் கிடைக்கும். ஆனா கடவாப்பல்லு, கடிக்கிற அழுத்தத்துல பிளந்துக்கும், அதனால ஆறு மாசமெல்லாம் தள்ளாதீங்க. அதுக்குள்ள அடைப்பு விழுந்து பல்லு வாரக்கணக்குல திறந்து கிடந்தா நேரா கேப் போட சொல்லாதீங்க, உள்ள திரும்ப சுத்தம் பண்ணணுமான்னு டாக்டர் பாத்து சொன்ன பிறகு போடுங்க.