ஆண்டின் பிடித்த படங்கள்: எழுவான்கரை வெளிச்சமும் படுவான்கரை வெளிச்சமும்

இந்த ஆண்டு எடுத்த திருமணப் படங்களில் தமக்கு மிகவும் பிடித்த ஒன்றையும், அதைப் பற்றிய ஒரு கேள்வியையும் அனுப்புமாறு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் படப்பிடிப்பாளர்களிடம் கேட்டிருந்தோம். வந்த படங்களைப் பார்த்துப் பதில் எழுதும் பொறுப்பை, ஃபிலிம் சுருள் காலத்திலிருந்து இத்தொழிலில் இருப்பவன் என்ற ஒரே தகுதிக்காக என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கி, அனுப்பியவர்களின் பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி (ஆரையம்பதி): ஐயா, எங்கள் படங்களைப் பார்ப்பதற்கு முன், இந்த ஆண்டு நீங்கள் எடுத்தவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது என்று சொல்வீர்களா?

பதில்: மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்தில், மணப்பெண்ணின் வீட்டு முற்றத்துப் பந்தலில் நடந்த திருமணம் அது. நம் பகுதியின் வழக்கப்படி அந்த வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கட்டப்பட்டது. சுவருக்கு இன்னும் வர்ணம் பூசவில்லை. சீமெந்து வாசம்கூடப் போயிருக்கவில்லை. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தோடு பந்தலிலிருந்த பெண்கள் எல்லோரும் குரவையிட்டபோது, எனக்குப் பின்னாலிருந்தும், வீட்டுக்குள்ளிருந்து தனியே, ஒரு குரவை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மணப்பெண்ணின் அம்மம்மா, கணவரை இழந்தவர் என்பதால் மணவறைப் பக்கம் வராமல், யன்னலுக்கு உள்ளே நின்று வாயருகே கையை வைத்துக் குரவையிட்டுக்கொண்டிருந்தார். திறந்திருந்த யன்னல் கண்ணாடியில் பந்தலும் மணமக்களும் சிறிதாகப் பிரதிபலித்தார்கள். 35 மில்லிமீற்றர் லென்ஸ், துளை எஃப் 2, ஷட்டர் 125இல் ஒரு செக்கன். இரண்டு படம் எடுத்தேன். முதலாவதில் கண்ணாடியின் கோணம் சரியாக அமையவில்லை.

தாலி கட்டுவதை என் உதவியாளர் எடுத்துக்கொண்டிருந்தபடியால்தான் நான் திரும்ப முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாளாகப் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டேன், திரும்பியிருக்கவும் கூடாது. குரவை நம் பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பழகிவந்த வழக்கம். அனுப்பப்பட்ட படங்களுள் குரவையிடும் ஒரு பெண்ணின் முகம்கூட இல்லாதது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

கேள்வி (கல்லடி): கல்லடிக் கடற்கரையில் எடுத்த மணமக்கள் படத்தை அனுப்பியிருக்கிறேன். பின்னால் சூரியன் கடலில் மறைகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விரும்பிய படம் இது. உங்கள் கருத்து என்ன?

பதில்: தம்பி, படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லடியில் சூரியன் கடலிலிருந்து எழும், கடலில் விழாது. கணினியில் வேறொரு வானத்தை ஒட்டியிருக்கிறீர்கள் என்பது ஊரிலுள்ள மீனவர் எவருக்கும் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். மணமக்களின் முகத்தில் விழும் வெளிச்சம் முன்னாலிருந்து வர, சூரியன் பின்னால் நிற்பதைச் சாதாரணக் கண்ணும் உணரும், காரணத்தைச் சொல்லத் தெரியாவிட்டாலும்.

வாவிக்குக் கிழக்கே உள்ளதை எழுவான்கரை என்றும் மேற்கே உள்ளதைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் பெயரிட்டிருக்கிறார்கள். படப்பிடிப்பாளனுக்கு இதைவிடச் சுருக்கமான வெளிச்சக் குறிப்பு வேறு எந்த ஊரிலும் கிடைக்காது. கடலும் சூரியனும் சேர்ந்து வேண்டுமானால் மணமக்களைக் காலை ஐந்தரை மணிக்குக் கடற்கரைக்கு வரச் சொல்லுங்கள். வரமாட்டார்கள் என்றால், மாலையில் கடலுக்கு முதுகைக் காட்டி வாவிப் பக்கம் வாருங்கள். எழுவான்கரையிலிருந்து மேற்கே பார்க்கையில் சூரியன் நீருக்கு மேலேதான் இறங்கும், தோணிகளும் கிடைக்கும். நம் அகலாங்கில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் மறைந்தபின் பயன்படக்கூடிய வெளிச்சம் இருபது நிமிடங்களுக்கு மேல் அதிகம் நிற்காது. ஆகவே உடை மாற்றும் வேலையையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): ஆவணி மாதத்தில் கோயில் வெளிவீதியில் எடுத்த படங்களில் எல்லோருடைய கண்களும் கருங்குழிகளாக விழுந்துவிட்டன. அவற்றுள் தப்பிய ஒன்றைத்தான் பிடித்த படமாக அனுப்பியிருக்கிறேன். இதைத் தவிர்க்க வழி உண்டா?

பதில்: இது உங்கள் பிழை அன்று, சூரியனின் நிலை. மட்டக்களப்பு வட அகலாங்கு 7.7 பாகை அளவில் இருப்பதால் ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் இரண்டாம் வாரத்தை ஒட்டியும் செப்டெம்பர் முதல் வாரத்திலும், நண்பகலில் சூரியன் நேரே தலைக்கு மேலே நிற்கும். ஆவணி முகூர்த்தங்கள் இரண்டாவது தடவையோடு சரியாக மோதுகின்றன. அந்நாள்களில் 11 மணிக்கும் ஒன்றரை மணிக்கும் இடையே வெட்டவெளியில் முகம் எடுக்காதீர்கள். கோபுர வாசலின் உள்விளிம்பு, மாமரத்து நிழலின் ஓரம், விறாந்தையின் முதல் தூண் ஆகியவை போதும். மேலேயிருந்து வரும் வெயில் தடைபட்டு, வெளித்தரையில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் முகத்தில் கீழிருந்து மெதுவாக ஏறும். வெண்மணல் முற்றமாக இருந்தால் அதைவிட நல்ல பிரதிபலிப்பான் கடையில் கிடையாது.

காலை முகூர்த்தம் என்றால் உங்கள் பாடு இலேசு. மணமக்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி அமர்வதால், பந்தலின் கிழக்குப் பக்கத்துச் சீலையைத் திறந்து வைக்கச் சொன்னாலே போதும். பந்தல்காரரிடம் முதல்நாள் கேட்க வேண்டும். அன்று காலை கேட்டால் அவர் செய்யமாட்டார்.

கேள்வி (கல்முனை): மண்டபத்து மேடைப் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன. கமராவில் கோளாறா?

பதில்: இல்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.ஈ.டி. விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டரை 50இல் ஒரு செக்கனிலோ 100இல் ஒரு செக்கனிலோ வைத்தால் பட்டை பெரும்பாலும் மறைந்துவிடும். சத்தமில்லாத மின்னணு ஷட்டரைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். மேடையில் அதை நிறுத்திவிட்டு இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். அலங்கார விளக்குகள் சில வேறு வேகத்தில் துடிக்கும். அவற்றை மண்டபக்காரரிடம் சொல்லி அணைப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி (அக்கரைப்பற்று): அண்ணன், கூறைச்சேலையின் சிவப்பு என் படங்களில் ஒரே பூச்சாகிவிடுகிறது, சரிகை வேலைப்பாடு தெரிவதில்லை.

பதில்: கமராவின் மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு நிறத்துக்குரிய வரைபடம் மட்டும் வலப்பக்கம் முட்டி வழிந்திருக்கும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தைத் திறந்து வைத்து, சிவப்பு முட்டாத அளவுக்கு, வெளிச்சத்தை ஒரு படியில் (ஸ்டொப்) மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறைத்து எடுங்கள். கமரா பதப்படுத்தாத 'ரோ' கோப்பாக எடுத்தால் முகத்தைப் பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். வழிந்துபோன சிவப்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இன்னொன்று, பந்தலின் கூரைச் சீலை சிவப்போ மஞ்சளோ என்றால் பிளாஷை அதில் திருப்பி அடிக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் குருக்களின் வெள்ளை வேட்டிகூட இளஞ்சிவப்பாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

கேள்வி (செங்கலடி): தாலி கட்டும் நொடியில் விருந்தினரின் கைத்தொலைபேசிகளே படத்தில் நிறைந்திருக்கின்றன. என்ன செய்வது?

பதில்: அறிவிப்புப் பலகை வைப்பதும் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்வதும் நம் சனத்திடம் எடுபடவில்லை. குருக்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். "கொஞ்சம் விலகுங்கோ" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் விலகுவார்கள், நாம் பத்து முறை சொன்னாலும் கேட்கமாட்டார்கள். மாப்பிள்ளையின் முழங்கை மணப்பெண்ணின் முகத்தை எந்தப் பக்கம் மறைக்கும் என்பதையும் அவரிடமே கேட்டு மறுபக்கம் நில்லுங்கள். வீடியோக்காரரோடு இடத்தை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். மணவறையில் நடக்கும் சண்டைகளில் பாதி எங்கள் இரு தரப்புக்கும் இடையில்தான்.

கேள்வி (சம்மாந்துறை): நான் பெண் படப்பிடிப்பாளர். எனக்கு மிகப் பிடித்த படத்தில் மணப்பெண்ணின் முகம் தெரிவதால் அதை அனுப்பாமல், மருதாணிக் கைகளின் படத்தை மட்டும் அனுப்பினேன். இவ்வாறு செய்தால் என் திறமை எப்படி வெளியே தெரியும்?

பதில்: தங்கை, நீங்கள் செய்தது சரியே. பெண்கள் பகுதியின் படங்களை ஆண் எவரும் பார்க்கவோ திருத்தவோ கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு குடும்பம் உங்களை அழைக்கிறது என்றால், அந்த நம்பிக்கையே உங்கள் தொழிலின் மூலதனம். நான் எவ்வளவு அனுபவம் பெற்றிருந்தாலும் அந்த அறைக்குள் நுழைய முடியாது. நிக்காஹ்வின்போது மணப்பெண்ணின் 'வலி' எனப்படும் பொறுப்பாளரும் மாப்பிள்ளையும் கைகோத்து நிற்கும் இடத்தில் ஆண்கள் எடுத்த படங்கள் ஏராளம் வந்திருக்கின்றன. அதே நேரத்தில் உள்ளறையில் மணப்பெண்ணும் தாயும் இருக்கும் படம் உங்களைப் போன்றோரிடம் மட்டுமே உண்டு. அதை அச்சிட்ட அல்பமாக, அடுத்துத் திருமணம் வைத்திருக்கும் பெண்களிடம் நேரில் காட்டுவதற்கு அந்தக் குடும்பத்திடம் எழுத்தில் சம்மதம் கேட்டுப் பாருங்கள். சிலர் தருவார்கள். கைகளின் படமும் நன்று. ஆனால் நகங்களில் குவியம் விழுந்து மருதாணிக் கோலம் மங்கிவிட்டது. துளையை எஃப் 4 அளவில் வைத்து எடுத்திருக்கலாம்.

கேள்வி (வாழைச்சேனை): பாசிக்குடாவில் ட்ரோனால் எடுத்த படம், எப்படி இருக்கிறது?

பதில்: ஆழமற்ற நீரின் நிறம் அருமை, மணமக்கள் எறும்பளவு. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி பெற்றுப் பறக்கவிட்டீர்கள் என்று நம்புகிறேன். மட்டக்களப்பு நகரத்தில் எடுப்போர் விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (திருக்கோவில்): பந்தியில் சாப்பிடுவோர், வாசலில் நிற்போர் என்று விருந்தினரை எல்லாம் எடுக்கச் சொல்கிறீர்கள். அல்பத்தில் அவற்றை ஒருவரும் சேர்ப்பதில்லை. பிறகு ஏன்?

பதில்: 2004 டிசெம்பர் 26க்குப் பின் வந்த மாதங்களில் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறேன். கல்லடி, நாவலடி தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு, உங்கள் திருக்கோவில் வரை கடல் வீட்டையும் அல்பத்தையும் சேர்த்தே கொண்டுபோயிருந்தது. பழைய நெகட்டிவ்களை நாங்கள் உறைகளில் திகதியிட்டு வைத்திருப்பதை அறிந்து வந்தவர்களில் மிகச் சிலரே தங்கள் மணவறைப் படத்தைக் கேட்டார்கள். மற்றவர்கள் கேட்டது வேறு. "மாமாவின் மகளின் கலியாணத்தில் பிள்ளை எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவன், அதில் ஒன்று இருக்குமா?" என்று ஒரு தாய் கேட்டார். ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தான் என்பதால் பந்தியில் நாங்கள் நான்கு படங்கள் மட்டுமே எடுத்திருந்தோம். அவற்றில் அந்தப் பிள்ளை இல்லை. இரண்டு நாள் தேடி, வேறொரு படத்தில், யாரோ ஒருவரின் தோளுக்குப் பின்னால் பாதி முகத்தைக் கண்டுபிடித்துப் பெரிதாக்கிக் கொடுத்தோம்.

இன்று ஒரு கலியாணத்தில் நாலாயிரம் படங்கள் எடுக்கிறோம், அதில் மூவாயிரம் மணமக்களுடையவை. பந்திக்கு ஐம்பது ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? அல்பத்தில் சேராவிட்டாலும் கோப்புகளை இரண்டு வன்தட்டுகளில் எழுதி, ஒன்றைக் கரையோரத்தில் இல்லாத வேறொரு வீட்டில் வையுங்கள்.

கேள்வி (காரைதீவு): முகத்தை வெள்ளையாக்கித் தராவிட்டால் வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்வதில்லையே?

பதில்: பாதிக் குற்றம் நம்முடையது. மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியையும் சட்டையையும் பார்த்துக் கமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. முகம் உண்மையில் இருப்பதைவிட இருண்டு விழுகிறது. அதைத் திரையில் பார்த்தவர் "வெளுப்பாக்கித் தாங்கோ" என்கிறார். அளவீட்டை முகத்தின் மீது வைத்து எடுத்த படத்தை முதலில் காட்டிப் பாருங்கள். பலர் அதற்குப் பிறகு கேட்பதில்லை. அப்படியும் கேட்பவருக்கு ஒரே ஒரு படத்தை அவர் சொன்னபடி செய்து, தாயாரின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து அனுப்புவேன். ஒரே வீட்டின் இரண்டு பேர் இரண்டு ஊர்க்காரராகத் தெரிவார்கள்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): பிடித்த படத்தை 12க்கு 36 அங்குல அல்பத்தின் இரு பக்கங்களிலும் விரித்து அச்சிட்டேன், கூர்மை போய்விட்டது. 24 மெகாபிக்சல் கமரா போதாதா?

பதில்: அந்தக் கமராவின் படம் 6000 புள்ளி அகலம் கொண்டது, 36 அங்குலத்துக்குப் பிரித்தால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 167 புள்ளிகள்தான். கையில் வைத்துப் பார்க்கும் அல்பத்துக்கு 300 வேண்டும் என்பது வழக்கம். ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்திருந்தால் தாராளமாகப் போதும். மேலும் மடிப்பு சரியாக மணப்பெண்ணின் மூக்கில் விழுந்திருக்கிறது.

கேள்வி (பாண்டிருப்பு): ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ஆண்டின் ஒரே படத்தை எப்படித் தெரிவு செய்வது?

பதில்: எடுத்த கையோடு தெரிவு செய்யாதீர்கள். பட்ட கஷ்டம் எல்லாம் படத்தில் இருப்பதாகத் தோன்றும். பார்ப்பவருக்கு அது தெரியாது. நான் இரண்டு மாதம் விட்டு, தேறியவற்றை 4க்கு 6 அங்குலத்தில் அச்சிட்டு வீட்டு மேசையில் போட்டு வைப்பேன். அந்தக் குடும்பத்தை அறியாத ஒருவர் எதைக் கையில் எடுக்கிறார், எதைப் பார்த்து "இது ஆர்?" என்று கேட்கிறார் என்று கவனிப்பேன். எங்கள் வீட்டில் இந்த வேலையை என் மனைவி செய்கிறார். இம்முறை நான் பெரிதும் நம்பியிருந்த வாவிக்கரை அந்திப் படங்கள் இரண்டையும் ஒரு வார்த்தையும் பேசாமல் கீழே வைத்துவிட்டு, யன்னலுக்குள் நின்ற அம்மம்மாவைத்தான் எடுத்தார். எடுத்தவர், யன்னல் கண்ணாடியில் யார் கலியாணம் நடக்கிறது என்று கேட்டார்.