மின்சாரத்தை எந்த நேரத்தில் செலவழிக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியமா?

சிக்கனமாக இருந்தால் போதாதா, நேரத்தையும் ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சூரிய மின்சாரம் நண்பகலில் மிஞ்சுகிறது. பொழுது சாய்ந்ததும் தேவை ஏற, அந்த இடைவெளியைப் பெரும்பாலும் நிலக்கரியும் எரிவாயுவும்தான் நிரப்புகின்றன.

முதலில் வாட்டர் ஹீட்டரைக் கவனியுங்கள். 50 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 2 யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு ஒரு மணி நேர வேலை. டைமரை நண்பகலுக்கு வையுங்கள், இன்சுலேஷன் நன்றாக இருந்தால் இரவு வரை சூடு நிற்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுப்பதால் 16 ஆம்பியர் டைமரே வேண்டும். 6 ஆம்பியர் டைமர் சூடேறி உருகிவிடக்கூடும். வெப்பநிலையை ரொம்பக் குறைக்காதீர்கள், தொட்டியில் நுரையீரல் தொற்றை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரக்கூடும்.

மின்கார் சார்ஜிங்கில் வேறொரு சிக்கல்: நேரத்துக்கேற்பக் கட்டணம் மாறும் இடங்களில், அது குறையும் அதே நிமிடத்தில் எல்லோரும் தொடங்கினால் தெரு டிரான்ஸ்பார்மரில் மின்தேவையின் புது உச்சம் உருவாகும். இருபது, முப்பது நிமிடம் தள்ளி வையுங்கள்.