6 நிரல்கள் 12 ஆகத் தெரிவது ஏன்?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறோம். முன்பதிவுகள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருக்கின்றன, பி.எச்.பி.யில் எழுதிய பக்கம் அவற்றை அட்டவணையாகக் காட்டுகிறது. தரவுத்தளத்திடம் வினவலில் கேட்பது 6 நிரல்கள், அதாவது அட்டவணையில் மேலிருந்து கீழாக வரும் பத்திகள். பக்கமோ 12 என்று எண்ணுகிறது. முன்பதிவே இல்லாத நாளில் பிழைச்செய்திதான் வருகிறது. தளத்தைச் செய்து தந்தவர், தரவுத்தளம் பழுதாகிவிட்டது, புதிதாக அமைக்கவேண்டும் என்று பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தரவுத்தளம் நன்றாகவே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய பி.எச்.பி. வரிகளைப் பார்த்தேன். பி.எச்.பி. தரவுத்தளத்தோடு பேசும் வழியான பீ.டி.ஓ.வில், ஒரு நிரையை (ஒரு முன்பதிவுக்கான குறுக்கு வரியை) எடுத்துத் தரும் ‘பெட்ச்’ கட்டளைக்கு எந்த முறை என்று சொல்லாவிட்டால், ஒவ்வொரு மதிப்பையும் நிரலின் பெயரில் ஒருமுறை, வரிசை எண்ணில் ஒருமுறை என்று இரண்டு தடவை தரும். அதைக் ‘கவுண்ட்’ எண்ணினால் 12 தானே வரும்?

நிரையைப் பிடித்து எண்ணவே வேண்டாம். வினவலை இயக்கிய பின் ‘கொலம்கவுண்ட்’ என்று கேளுங்கள்; 6 என்று சொல்லும். மாரி காலத்தில் ஒரு முன்பதிவும் இல்லாவிட்டாலும் அதே 6 தான். இப்போது நிரை இல்லாதபோது ‘பெட்ச்’ வெறும் ‘இல்லை’ என்ற குறியைத் தருகிறது, பி.எச்.பி. 8 அதை எண்ண மறுக்கிறது. உங்கள் பிழைச்செய்தி அதுதான்.

சிலர், பெயரால் மட்டும் எடுத்தால் போதும் என்று 6 ஐ வரவழைத்துக் காட்டுவார்கள். பலர் விழுவது இந்தக் குழியில்தான். நாளை 6 நிரல் உள்ள முன்பதிவு அட்டவணையோடு, 5 நிரல் உள்ள விருந்தினர் அட்டவணை ஒன்றையும் இணைத்து எல்லா நிரல்களையும் கேட்பீர்கள். இரண்டிலும் ‘ஐடி’ என்ற நிரல் இருக்கும். ஒரு பெயருக்கு ஓரிடம்தான். பின்னால் வருவது முன்னதை அழித்துவிடும். 11 வரவேண்டிய இடத்தில் 10 வரும். முன்பதிவு எண் என்று நம்பி விருந்தினர் எண்ணைக் கொடுத்து, யாரோ ஒருவருடைய அறையை ரத்துச் செய்துவிடுவீர்கள். கொலம்கவுண்ட் அப்போதும் 11 என்றே சொல்லும், ஆனால் அழிந்த மதிப்பை மீட்டுத் தராது. ஆகவே நிரல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒரே பெயர் வந்தால் ‘ஏஎஸ்’ போட்டு மாற்றுப்பெயர் கொடுங்கள்.

இன்னொருவர் வந்து, நிரல்களை எண்ண ‘மைஎஸ்கியூஎல்_நம்_பீல்ட்ஸ்’ என்ற கட்டளையைப் போடுவோம், அதற்குப் பழைய பி.எச்.பி. வேண்டும் என்றால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 2015 இல் வந்த பி.எச்.பி. 7 இலேயே அந்தக் கட்டளையை நீக்கிவிட்டார்கள். அது இருந்த கடைசிப் பதிப்பான 5.6 க்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. விருந்தினரின் கடவுச்சீட்டு எண்களை அதிலா வைப்பது? சில கணினி வகுப்புகள் அந்தப் பழைய குறிப்புகளையே இன்னும் பிள்ளைகளிடம் பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கின்றன. பாடத்திட்டத்தைத் திருத்தச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

சேவையகத்தின் கடவுச்சொல் தளத்தைச் செய்து தந்தவரிடம் மட்டும் இருந்தால், எதையும் தொடும் முன் அதை வாங்கி மாற்றிவிடுங்கள். தரவுத்தளத்தின் பிரதி ஒன்றையும் எடுத்து உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.