ராணுவத்திலிருந்து திரும்பிய அண்ணா ஹசாரே ராலேகண் சித்தியில் செய்தது என்ன?

ஒரே வார்த்தையில் சொன்னால், நீர்ப்பிடிப்பு மேம்பாடு. அதாவது பெய்கிற மழையை ஓடவிடாமல் ஊர் எல்லைக்குள்ளேயே மண்ணில் இறக்குவது.

ஹசாரே 1960இல் ராணுவத்தில் சேர்ந்து லாரி ஓட்டியவர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதியில் சக வீரர்கள் மடிய, அவர் உயிர் தப்பினார். 1975இல் மகாராஷ்டிரத்தின் இந்த வறண்ட ஊருக்குத் திரும்பினார். கோயில் மரத்தைக்கூட சாராய அடுப்புக்கு எரித்திருந்தார்கள். முதலில் தன் சேமிப்பைப் போட்டு அந்தக் கோயிலைப் புதுப்பித்தார். மக்கள் நம்பியது அதற்கு அப்புறம்தான். பிறகு எல்லோருமாகக் குன்றுச் சரிவில் வரப்பு வெட்டினார்கள், ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள், கரும்பு வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

இது எப்படிப் பலித்தது? காய்ந்த பூந்தொட்டியில் ஒரு செம்புத் தண்ணீரைச் சட்டென்று கவிழ்த்தால் விளிம்பில் வழிந்துவிடும். மெல்ல ஊற்றினால் வேர்வரை இறங்கும். வரப்பும் தடுப்பணையும் மழையை மெல்ல ஊற்றவைக்கின்றன. அதனால்தான் கிணறுகள் ஊறின.

சாராயத்தை ஒழிக்க, குடித்தவர்களைக் கட்டிவைத்து அடித்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

ஊழலுக்கு எதிரான 2011 உண்ணாவிரதத்தில்தான் அவருடைய பொதுவாழ்வு தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ராலேகண் வேலைக்காக 1992லேயே அவர் பத்மபூஷண் பெற்றிருந்தார்.